ஆயிலில் கரைந்த மாலிப்டினம் என்ன செய்கிறது, எங்கே செய்கிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தன் காருக்கு 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ரக ஆயில் ஊற்றுகிறார். அப்போதுதான் சீல் பிரித்த புது டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்ததில் மாலிப்டினம் என்ற உலோகம் 80 பிபிஎம் (எடையில் பத்து லட்சத்துக்கு 80 பங்கு) என்று வந்திருக்கிறது. அவருடைய நண்பர் வாங்கும் ஜப்பானிய ஆயிலில் அதே மாலிப்டினம் 700 பிபிஎம். “அப்படியென்றால் என் ஆயில் மட்டமா? கடையில் விற்கும் கருப்பு மாலி பாட்டிலை ஊற்றி அந்தக் குறையைச் சரிக்கட்டலாமா? பைக்குக்கும் அதையே ஊற்றலாமா?” என்று கேட்கிறார்.

உடனடிப் பதில்: மட்டமில்லை, பாட்டில் வேண்டாம், பைக்கில் ஊற்றவே ஊற்றாதீர்கள். ஏன் என்பதுதான் நீளமான கதை. மசகெண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த ஒரு தனிமத்தைப் பற்றி வருகிற அளவுக்குத் தவறான புரிதல் வேறு எதைப் பற்றியும் வந்து நான் பார்த்ததில்லை. அதனால் கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

முதலில், ‘மாலி’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று கருப்புத் தூள். அது மாலிப்டினம் டைசல்பைடு. மாலிப்டினைட் என்ற தாதுவாக மண்ணிலிருந்தே கிடைக்கிறது. தொட்டால் கையில் கருப்பாக ஒட்டும், காகிதத்தில் கோடு விழும். இதனாலேயே பல நூற்றாண்டுகள் இதை ஈயம் என்றும் பென்சில் கரி என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாலிப்டினம் என்ற பெயரே ஈயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். இது ஈயமும் இல்லை, கரியும் இல்லை, வேறொரு தனிமத்தின் தாது என்று 1778-இல் காட்டியவர் சுவீடன் வேதியியலாளர் ஷீலே. 1781-இல் ஹியெல்ம் அந்த உலோகத்தைப் பிரித்தெடுத்தார்.

இந்தத் தூள் வழுக்குவதற்குக் காரணம் அதன் அடுக்கு அமைப்பு. நடுவில் ஒரு வரிசை மாலிப்டினம் அணுக்கள், மேலும் கீழும் கந்தக அணுக்கள்: இது ஒரு தகடு. தகட்டுக்குள் பிணைப்பு மிக வலுவானது. ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் இடையில் இருப்பதோ மெல்லிய ஈர்ப்பு மட்டும். வெற்றிலைக் கவுளியை மேலிருந்து அழுத்தினால் இலை கிழியாது, பக்கவாட்டில் லேசாகத் தள்ளினால் இலைமேல் இலை நழுவும். அதேபோல்தான் இதுவும். செங்குத்தான சுமையைத் தாங்கும், பக்கவாட்டு நகர்வுக்கு வழிவிடும். காற்றே இல்லாத உயர் வெற்றிடத்தில், மிகத் தூய்மையான மாலிப்டினம் டைசல்பைடு படலத்தின் உராய்வுக் குணகம் (உராய்வின் அளவைச் சொல்லும் எண்; சிறிதாக இருந்தால் வழுக்கல் அதிகம்) 0.001 என்ற அளவை ஒட்டி வருவதை 1993-இல் பிரான்சின் லியோன் நகரில் ழான்-மிஷேல் மார்த்தன் குழுவினர் அளந்து காட்டினார்கள். விண்கலங்களில் இதைப் பூசுவதும் இதனால்தான். ஈரம் இருந்தால்தான் நன்றாக வழுக்கும் கிராபைட், வெற்றிடத்தில் கைவிட்டுவிடும்.

இவ்வளவு நல்ல பொருளை அப்படியே ஆயிலில் கலந்துவிட்டால் என்ன? கலந்திருக்கிறார்கள், பல பத்தாண்டுகளாகக் கலந்து விற்கிறார்கள். கிரீஸில் இது அருமையாக வேலை செய்கிறது. லாரியின் கிங்பின்னுக்கும் கட்டுமான இயந்திரங்களின் மூட்டுகளுக்கும் கருப்பு மாலி கிரீஸ் வைப்பது சரியான பழக்கம். ஆனால் ஆயிலில் தூள் கரைவதில்லை, மிதக்கிறது. இதன் அடர்த்தி ஆயிலைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். வண்டி நாள்கணக்கில் நின்றால் அடியில் படியத் தொடங்கும். அதைவிட முக்கியமான விஷயம், தேவையான இடத்துக்கு, தேவையான கோணத்தில், தேவையான நேரத்தில் அந்தத் துகள் போய்ச் சேர வேண்டும். இன்ஜினுக்குள் ஓடும் ஆயிலில் அதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது பொருள்தான் உங்கள் ரிப்போர்ட்டில் வந்தது. இது தூள் இல்லை. தண்ணீரில் சர்க்கரை கரைவதுபோல் ஆயிலில் முழுக்கக் கரைந்துவிடும் கரிம மாலிப்டினம். ஆயில் கருக்காது, தேன் நிறத்திலேயே இருக்கும். இதில் அதிகம் ஆராயப்பட்டது மாலிப்டினம் டைதையோகார்பமேட். தொழிலில் இருப்பவர்கள் மோ-டி-டி-சி என்பார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

இதன் மூலக்கூறு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் பாருங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரிந்துவிடும். நடுவில் இரண்டு மாலிப்டினம் அணுக்கள். அவற்றுக்கிடையே பாலம்போல் இரண்டு கந்தகம். ஒவ்வொரு மாலிப்டினத்தின் தலையிலும் ஓர் ஆக்சிஜன். இருபுறமும் கந்தகமும் நைட்ரஜனும் கொண்ட கார்பமேட் கைகள். அந்தக் கைகளிலிருந்து நீண்ட ஹைட்ரோகார்பன் வால்கள் தொங்கும், எட்டு முதல் பதின்மூன்று கார்பன் நீளத்துக்கு. இந்த வால்கள் இருப்பதால்தான் அது ஆயிலில் கரைகிறது. வால் குட்டையாக இருந்தால் குளிரில் வெளியே படிந்துவிடும். எல்லா வாலும் ஒரே நீளமாக இருந்தாலும் படிகமாகிப் பிரியும். அதனால் நீளமும் குட்டையுமாகக் கலந்து செய்வார்கள். இந்த வகைச் சேர்மங்களுக்கான அமெரிக்கக் காப்புரிமை 1967-இலேயே வந்துவிட்டது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருளை மிச்சப்படுத்தும் அவசரம் வந்தபோது இதற்கு மவுசு கூடியது.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலின் மையம். மோ-டி-டி-சி தானாக உராய்வைக் குறைப்பதில்லை. ஆயிலில் கரைந்து கிடக்கும்வரை அது வெறும் சரக்கு. உலோகமும் உலோகமும் உரசும் புள்ளியில், அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் மூலக்கூறு உடைந்து, அதே இடத்தில் மாலிப்டினம் டைசல்பைடாக மாறும்போதுதான் வேலை தொடங்குகிறது. மாவு கரைத்து வைத்துவிட்டால் தோசை ஆகாது; கல் சூடாக வேண்டும், மாவு கல்லில் விழ வேண்டும். இங்கே கல் என்பது உரசும் மேடுகளின் உச்சி. எவ்வளவு வழவழப்பாகத் தீட்டிய கேம் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) பரப்பும் நுண்ணோக்கியில் மலைத்தொடர்போல்தான் தெரியும். அந்தச் சிகரங்கள் மோதுகிற இடத்தில் மட்டும் தகடுகள் உருவாகின்றன. பள்ளத்தில் உருவாவதில்லை. ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பிலும் உருவாவதில்லை.

1998-இல் அதே லியோன் குழு, உரசிய தடத்திலிருந்து எடுத்த தேய்மானத் துணுக்குகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, மாலிப்டினம் டைசல்பைடு ஒற்றைத் தகடுகளாகவே கிடப்பதைக் கண்டார்கள். அதன் பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும், லேசர் ஒளியால் பொருளை அடையாளம் காணும் ராமன் நிறமாலை வைத்து உரசிய பரப்புகளைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறார்கள். படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்தான். தலைமுடியின் விட்டத்தோடு ஒப்பிட்டால் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. கடையில் விற்கும் தூளில் இருக்கும் துகள்கள் இதைவிடப் பல மடங்கு பெரியவை. அத்தனை மெல்லிய ஒன்று அத்தனை சுமையைத் தாங்குகிறது என்பது இத்தனை வருடம் கழித்தும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

விளைவு அளவில் எவ்வளவு? எல்லைநிலை உராய்வில், அதாவது ஆயில் படலம் அறுந்து உலோகம் உலோகத்தைத் தொடும் நிலையில், தேய்மானத் தடுப்பான் மட்டும் உள்ள ஆயிலின் உராய்வுக் குணகம் பெரும்பாலும் 0.10 முதல் 0.13 வரை இருக்கும். மோ-டி-டி-சி வேலை செய்யத் தொடங்கியதும் அது 0.04 - 0.06 என்று இறங்கும். பாதிக்கும் கீழே. கிளிசரால் மோனோஒலியேட் போன்ற மாலிப்டினம் இல்லாத உராய்வுக் குறைப்பான்களால் இந்த அளவுக்கு இறக்க முடிவதில்லை. பரிசோதனைக் கருவியின் திரையில் உராய்வைக் காட்டும் கோடு நேராகப் போய்க்கொண்டே இருக்கும், ஐந்து நிமிடம், பத்து நிமிடம்; பிறகு திடீரென்று செங்குத்தாக விழும். அந்தக் காத்திருப்புக்குக் காரணம், தகடுகள் போதுமான அளவு உருவாக நேரம் பிடிப்பதுதான். ஆயில் குளிர்ந்திருந்தால் கோடு விழவே விழாது. வழக்கமான மோ-டி-டி-சிக்கு 80, 100 டிகிரி வெப்பம் வந்தால்தான் உற்சாகம்.

இதிலிருந்தே அடுத்த விஷயம் புரியும்: இன்ஜினில் இது எங்கெல்லாம் பயன்படும், எங்கெல்லாம் பயன்படாது? கிராங்க்ஷாஃப்ட் பேரிங்குகள் சாதாரண ஓட்டத்தில் சில மைக்ரான் தடிமனுள்ள ஆயில் படலத்தின்மேல் மிதக்கின்றன. அங்கே உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. உராய்வைத் தீர்மானிப்பது ஆயிலின் பாகுத்தன்மை மட்டுமே. மாலிப்டினத்தை எவ்வளவு கொட்டினாலும் அங்கே ஒரு மாற்றமும் வராது. வேகம், சுமை, பாகுத்தன்மை மூன்றும் சேர்ந்து உராய்வை எப்படி மாற்றுகின்றன என்று 1902-லேயே ஜெர்மனியின் ஸ்ட்ரிபெக் வரைந்து காட்டிய வளைகோடு இதைத்தான் சொல்கிறது. மாலிப்டினத்துக்கு வேலை இருப்பது அந்த வளைகோட்டின் இடதுபக்கம், அதாவது படலம் மெலிந்து உலோகம் உரசும் பகுதியில்: பிஸ்டன் மேலேயும் கீழேயும் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில் ரிங், டேப்பட்டின் (கேமுக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள பாகம்) மேல் உரசும் கேம் மூக்கு, டைமிங் செயினின் பின்கள். இவை மொத்த இன்ஜின் உராய்வில் ஒரு பகுதிதான்.

இப்போது ‘700 பிபிஎம் ஏன், 80 பிபிஎம் ஏன்’ என்ற கேள்விக்கு வருவோம்.

கார் நிறுவனங்கள் எரிபொருள் சிக்கனத்துக்காக ஆயிலை மெல்லியதாக்கிக்கொண்டே போகின்றன. 150 டிகிரி வெப்பத்தில், ஆயில் அதிவேகமாக இழுபடும் நிலையில் அளக்கும் பாகுத்தன்மை 15டபிள்யூ-40 ஆயிலுக்குக் குறைந்தது 3.7 இருக்க வேண்டும். 30 கிரேடுக்கு (ஆயில் பெயரில் கோட்டுக்குப் பின் வரும் எண்தான் கிரேடு) 2.9, 20 கிரேடுக்கு 2.6, 16 கிரேடுக்கு 2.3, 8 கிரேடுக்கு வெறும் 1.7 மில்லிபாஸ்கல்-வினாடி. ஆயில் மெலிந்தால் பேரிங்கில் உராய்வு குறையும், லாபம். ஆனால் ரிங்கிலும் கேமிலும் படலம் அறுந்து உலோகம் உரசும் நேரம் கூடும், நஷ்டம். அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் மோ-டி-டி-சி. மெல்லிய ஆயிலும் மாலிப்டினமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது தற்செயல் இல்லை. ஒன்று இல்லாமல் மற்றதால் முழுப் பலனும் கிடைக்காது. ஜப்பானிய 0டபிள்யூ-20 ஆயில்கள் பலவற்றில் 600 முதல் 800 பிபிஎம் வரை பார்க்க முடிவது இதனால்தான்.

80 பிபிஎம் என்பது பெரும்பாலும் வேறு கணக்கு. இரண்டு சாத்தியம் உண்டு. முதலாவது, மாலிப்டினத்தை அங்கே ஆயில் கெடாமல் காக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பானாகச் சேர்த்திருப்பார்கள். டைபினைல்அமீன் வகைத் தடுப்பான்களோடு சேரும்போது 50, 100 பிபிஎம் மாலிப்டினமே ஆயிலின் ஆயுளைக் குறிப்பிடத்தக்க அளவு நீட்டும். இரண்டாவது, அது மூன்று மாலிப்டினம் அணுக்கள் கந்தகத்தோடு ஒரு கொத்தாக இருக்கும் வேறு வகைச் சேர்மமாக இருக்கலாம். இதன் நடுக்கொத்தில் கந்தகம் நிறைய, ஆக்சிஜன் கிடையாது. மாலிப்டினம் டைசல்பைடாக மாற அது ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்ட மாதிரி. அதனால் குறைந்த அளவிலும், கொஞ்சம் குறைந்த வெப்பத்திலும் வேலை செய்யும். இரண்டணு வகையில் 700 பிபிஎம் கொடுக்கும் பலனுக்கு இதில் அவ்வளவு தேவைப்படாது. கந்தகமும் பாஸ்பரசும் இல்லாத எஸ்டர், அமைடு வகை மாலிப்டினங்கள் வேறு இருக்கின்றன. அவற்றுக்குக் கந்தகம் ஆயிலில் இருக்கும் வேறு பொருளிலிருந்து கிடைக்க வேண்டும்.

ஆனால் உங்கள் பரிசோதனை ரிப்போர்ட் இந்த வேறுபாடு எதையும் சொல்லாது. பிளாஸ்மாவில் எரித்து ஒளியை அளக்கும் அந்தக் கருவி, மூலக்கூறைச் சுக்குநூறாக்கிவிட்டு அணுக்களை மட்டுமே எண்ணுகிறது. இரண்டணுச் சேர்மமா, மூன்றணுவா, எஸ்டரா, கருப்புத் தூளா என்று அதற்குத் தெரியாது. ஓடிய ஆயிலாக இருந்தால், வந்திருக்கும் மாலிப்டினம் பிஸ்டன் ரிங்கின் பூச்சிலிருந்து தேய்ந்து வந்ததா என்பதும் தெரியாது. பல இன்ஜின்களின் மேல்ரிங்கில் மாலிப்டினம் பூச்சு இருக்கிறது. ஆகவே பிபிஎம் எண்களை மட்டும் வைத்து இரண்டு ஆயில்களை ஒப்பிட வேண்டாம்.

இதில் இன்னொரு பொறி, பழைய ஆயிலைப் பரிசோதிக்கும்போது வருவது. 8,000 கிலோமீட்டர் ஓடிய ஆயிலிலும் மாலிப்டினம் அதே 700 பிபிஎம் காட்டும். உடனே ‘இன்னும் சத்து போகவில்லை’ என்று நினைக்கத் தோன்றும். அது சரியில்லை. அணுக்கள் எங்கும் போகவில்லை, மூலக்கூறு போய்விட்டிருக்கலாம். மோ-டி-டி-சி ஆயிலின் ஆயுளில் பாதிதூரம்கூடத் தாங்காமல் ஆக்சிஜனேற்றத்தில் அழிந்துபோவது புதிதில்லை. இதன் பெரிய பலவீனம் இதுதான். புது ஆயிலில் கிடைக்கும் வழுக்கல் ஓட ஓடக் குறையும். இதைத் தள்ளிப்போடுவதில்தான் ஆயில் தயாரிப்பவரின் திறமை இருக்கிறது.

தள்ளிப்போடுவதற்கு அவர் நம்பும் கூட்டாளி ஜிங்க் டைஆல்கைல் டைதையோபாஸ்பேட், சுருக்கமாக இசட்-டி-டி-பி. 1940-களிலிருந்து இன்ஜின் ஆயிலின் முதுகெலும்பு இதுதான். இது உரசும் பரப்பின்மேல் 100 நானோமீட்டர் அளவுக்குக் கண்ணாடிபோன்ற பாஸ்பேட் படலத்தை வளர்த்து, உலோகம் தேயாமல் காக்கிறது. ஆனால் அந்தப் படலம் சொரசொரப்பானது. உராய்வைக் குறைக்காது, சில நேரம் கூட்டவே செய்யும். மோ-டி-டி-சி சேர்ந்தால், பாஸ்பேட் மெத்தையின்மேல் மாலிப்டினம் தகடுகள் விரிப்புபோல் படிகின்றன. கீழே உள்ளது தேய்மானத்தைப் பார்த்துக்கொள்ளும், மேலே உள்ளது உராய்வைப் பார்த்துக்கொள்ளும். அதோடு இசட்-டி-டி-பி கந்தகத்தைக் கொடுக்கிறது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்து மோ-டி-டி-சி வீணாவதைத் தாமதப்படுத்துகிறது. மாலிப்டினம் கந்தகத்துக்குப் பதில் ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டால் கிடைப்பது வழுக்கும் தகடு இல்லை, ஆக்சைடு. அந்தத் தவறான பாதைக்குப் போகாமல் திருப்பிவிடுவதும் இந்தக் கூட்டாளிதான். தனித்தனியாகப் பரிசோதித்தால் சுமாராக இருக்கும் இரண்டு பொருள்கள் சேர்ந்ததும் சிறப்பாக வேலை செய்வதை என் கண்ணாலேயே பலமுறை பார்த்திருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், இசட்-டி-டி-பியில் பாஸ்பரஸ் இருக்கிறது. அது புகைக்குழாய் வழியாகப் போய், புகையைச் சுத்தப்படுத்தும் வினைவேக மாற்றியை (கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) பாழாக்கும். அதனால் பெட்ரோல் கார் ஆயிலில் பாஸ்பரசுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். 2001-இல் 0.10 சதவீதம், 2004-இல் 0.08 சதவீதம். தேய்மானத் தடுப்பான் குறைந்த இடத்தை நிரப்ப பாஸ்பரஸ் இல்லாத ஒன்று தேவைப்பட்டது. மோ-டி-டி-சிக்கு அங்கேயும் ஓர் இடம் கிடைத்தது. இதன் பங்காளியான மாலிப்டினம் டைதையோபாஸ்பேட்டில் பாஸ்பரஸ் இருப்பதால் அது இன்ஜின் ஆயிலில் பின்தங்கிவிட்டது.

ஆயிலில் இவை இரண்டு மட்டும் இல்லை. அழுக்கைக் கழுவும் கால்சியம், மக்னீசியம் டிடர்ஜென்ட், புகைக்கரியைப் பிரித்து மிதக்கவிடும் சக்சினிமைடு, வேறு உராய்வுக் குறைப்பான்கள் எல்லாம் அதே உலோகப் பரப்பில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன. ஒன்று கூடினால் இன்னொன்றுக்கு இடமில்லை. டீசல் இன்ஜினில் புகைக்கரி இந்த மெல்லிய தகடுகளைத் தேய்த்தே எடுத்துவிடும். டீசல் லாரி ஆயிலில் உராய்வைக் குறைக்க மாலிப்டினத்தை நம்பாததற்கு இது முக்கியக் காரணம்.

மோ-டி-டி-சி சேர்த்தாலே தேய்மானம் குறையும் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வைரம்போன்ற கார்பன் பூச்சு என்று ஒன்று உண்டு. டேப்பட், பிஸ்டன் பின் போன்றவற்றில் பூசுகிறார்கள். அந்தப் பூச்சில் ஹைட்ரஜன் அதிகம் இருந்து, எதிர்ப்பக்கம் எஃகு உரசினால், மோ-டி-டி-சி கலந்த ஆயிலில் பூச்சு வேகமாக அரித்துப்போகிறது. பல ஆய்வுக்கூடங்கள் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. உராய்வு குறைவாகவே இருக்கும், தேய்மானம் மட்டும் எகிறும். உராய்வும் தேய்மானமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 2006 வாக்கில் நிசான் தன் பெட்ரோல் இன்ஜினின் வால்வு லிஃப்டர்களுக்கு ஹைட்ரஜன் இல்லாத கார்பன் பூச்சைப் போட்டபோது, அதற்கென்றே எஸ்டர் வகை உராய்வுக் குறைப்பான் சேர்த்த ஆயிலையும் கொண்டுவந்தது. கார் கையேட்டில் சொன்ன தர எண் உள்ள ஆயிலையே வாங்குங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்ஜினுக்குள் என்ன பூச்சு இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது, வடிவமைத்தவருக்குத் தெரியும்.

மைலேஜ் எவ்வளவு கூடும் என்று எல்லோரும் கேட்பார்கள். ஹோல்ம்பெர்க், ஆண்டர்சன், எர்டெமிர் மூவரும் 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பயணிகள் காரின் எரிபொருள் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உராய்வைச் சமாளிப்பதிலேயே போகிறது. ஆனால் இதில் டயர், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் அடக்கம். இன்ஜினுக்குள் போவது மொத்த எரிபொருளில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். அதிலும் உலோகம் உரசும் இடத்தில் வீணாவது ஒரு சிறு பகுதி. அதைப் பாதியாக்கினாலும் கையில் மிஞ்சுவது ஒரு சதவீதம், நல்ல சூழலில் இரண்டு. 20 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 20.3 கொடுக்கும். லட்சக்கணக்கில் கார் விற்கும் நிறுவனத்துக்கும் ஒரு நாட்டின் எண்ணெய் இறக்குமதிக்கும் இது பெரிய எண். உங்கள் பெட்ரோல் பில்லில் டயர் காற்றைச் சரியாக வைப்பது இதற்குச் சமமாகவோ மேலாகவோ செய்யும். ‘20 சதவீதம் மிச்சம்’ என்று எழுதியிருக்கும் பாட்டிலை நம்ப வேண்டாம் என்று சொல்ல இந்தக் கணக்கே போதும்.

பாட்டில் விஷயத்துக்கே வருகிறேன். உங்கள் காரில் 3.5 லிட்டர் ஆயில் என்றால் எடை சுமார் மூன்று கிலோ. 700 பிபிஎம் என்றால் அதில் இருக்கும் மாலிப்டினம் வெறும் இரண்டு கிராம். அந்த இரண்டு கிராமும் மற்ற எல்லாப் பொருளோடும் எடைபோட்டு, இன்ஜின் சோதனைகளில் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்துச் சேர்த்தது. அதன்மேல் ஒரு பாட்டிலை ஊற்றும்போது அந்தச் சமநிலையில் கைவைக்கிறீர்கள். தேவைக்கு மேல் மோ-டி-டி-சி சேர்ப்பதால் உராய்வு மேலும் இறங்காது. ஓரளவுக்கு மேல் கோடு படுத்துவிடும். கூடுதலாக வருவது டர்போ போன்ற சூடான இடங்களில் படிவு, செம்புக் கலவைப் பாகங்களில் அரிப்பு போன்ற அபாயங்கள்.

சந்தையிலும் கண்காட்சியிலும் ஒரு சின்ன இயந்திரத்தை வைத்து, சுழலும் வளையத்தின்மேல் பேரிங் உருளையை நெம்புகோலால் அழுத்திக் காட்டுவார்கள். சாதாரண ஆயிலில் கிறீச்சென்று நின்றுவிடும், அவர்கள் திரவத்தைச் சொட்டவிட்டதும் எவ்வளவு அழுத்தினாலும் ஓடும். பார்க்கிறவர்கள் கைதட்டிவிட்டு வாங்கிவிடுவார்கள். அது அளப்பது கியர் ஆயிலுக்குத் தேவையான அதீத அழுத்தத் தாங்குதிறனை. குளோரின் கலந்த பாரஃபின் அதில் பிரமாதமாக ஜெயிக்கும், அதையே இன்ஜினில் ஊற்றினால் எரிந்து அமிலமாகி அரிக்கும். பெற்றோர் சேர்த்துவைத்த பணத்தில் வாங்கிய முதல் காருக்கு இப்படி ஒரு பாட்டிலை ஊற்றிவிட்டு வந்து நிற்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

கரிம மாலிப்டினத்துக்கு அண்மைக்காலத்தில் கிடைத்த இன்னொரு நல்ல பெயரையும் சொல்லிவிடுகிறேன். டர்போவுடன் நேரடியாகப் பெட்ரோல் பீச்சும் சிறிய இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் அதிக சுமை கொடுக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும் கோளாறு ஒன்று தலைகாட்டியது. ஆயிலில் உள்ள கால்சியம் அதைத் தூண்டுகிறது, மாலிப்டினமும் இசட்-டி-டி-பியும் அடக்குகின்றன என்று 2012 முதல் ஜப்பானிய ஆய்வுகள் காட்டின. இன்றைய ஆயில்களில் கால்சியத்தின் ஒரு பங்கு மக்னீசியமாக மாறியதற்கும், மாலிப்டினம் தன் இடத்தைத் தக்கவைத்ததற்கும் இதுவும் காரணம். உராய்வுக்காகச் சேர்த்த பொருள் வேறொரு நோய்க்கும் மருந்தானது.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இன்ஜின் அணைந்து அணைந்து எரிவதால் ஆயில் முழுச்சூட்டுக்கு வருவதே தாமதம். வழக்கமான மோ-டி-டி-சி சோம்பிக் கிடக்கும் வெப்பநிலை அது. குறைந்த வெப்பத்திலேயே விழித்துக்கொள்ளும் மாலிப்டினச் சேர்மங்களை நோக்கி ஆய்வு நகர்வதற்கு இந்த வண்டிகள் பெரிய உந்துதல்.

கடைசியாக உங்கள் பைக். கியர் உள்ள பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கிளட்ச் பிளேட் வேலை செய்வதே உராய்வால். இன்ஜினில் உராய்வைப் பாதியாக்கும் பொருள் கிளட்சிலும் கைவைத்தால் இன்ஜின் கத்தும், ஆனால் வண்டி போகாது. இதனால்தான் ஜப்பானில் ஜாசோ எம்ஏ, எம்ஏ2, எம்பி என்ற தர வகைகள் வந்தன. கிளட்ச் பிளேட்டின்மேல் ஆயில் காட்டும் உராய்வை அளந்து, உராய்வு அதிகமுள்ளதை எம்ஏ2 என்றும் குறைந்ததை எம்பி என்றும் முத்திரை குத்துகிறார்கள். எம்ஏ2 ஆயிலிலும் ஆக்சிஜனேற்றத் தடுப்புக்காக 50, 100 பிபிஎம் மாலிப்டினம் இருக்கலாம். அதனால் கிளட்ச் வழுக்காது. மாலிப்டினம் என்ற பெயரைக் கேட்டதுமே பைக் வைத்திருப்பவர்கள் பதற வேண்டியதில்லை. பதற வேண்டியது கார் ஆயிலை ஊற்றும்போது, குறிப்பாக டப்பாவில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ (எரிபொருள் சிக்கன ஆயில் என்ற முத்திரை) என்று இருந்தால்.

என் தம்பியின் பைக்கில் பழக்கமான மெக்கானிக் ஒருவர், நல்லது செய்கிற எண்ணத்தில்தான், ஒரு மாலி பாட்டிலை ஊற்றிவிட்டார். இரண்டு வாரத்தில், மேம்பாலம் ஏறும்போது நான்காவது கியரில் இன்ஜின் கத்தியது, வேகம் ஏறவில்லை. “அண்ணே, இன்ஜின் முன்னைவிட ஸ்மூத்தா இருக்கு, ஆனா வண்டி இழுக்கவே மாட்டேங்குது” என்று போன் செய்தான். ஆயிலை வடித்து எம்ஏ2 ஊற்றினோம், 300 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி மாற்றினோம். கொஞ்சம் தேறியது, முழுதாகத் தேறவில்லை. பிளேட்டின் உராய்வுப் பரப்புக்குள் ஊறியது திரும்பவில்லை. கடைசியில் கிளட்ச் பிளேட் செட்டை மாற்றித்தான் சரிசெய்தோம்.

உங்கள் வீட்டில் கியர் இல்லாத ஸ்கூட்டர் இருந்தால் அதன் கதை வேறு. அதன் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே, பெல்ட் பக்கம், உலர்ந்த அறையில் இருக்கிறது. அதற்கு எம்பி ஆயில்தான் பொருத்தம். மாலிப்டினம் போன்ற உராய்வுக் குறைப்பான்களுக்கு அங்கே தடை இல்லை. காருக்கு, கையேட்டில் சொன்ன தரத்தில் இருக்கும்வரை, அந்த 80 பிபிஎம் ஆயிலையே தொடருங்கள்.